பன்றி இல்லாத வராகன்

அலறியது போன்!

ஈப்போ நகரத்து வீட்டில் சாமி விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்த நித்யகல்யாணி எடுத்தாள்.

"ஆச்சி... காப்பாத்துங்க!"

தம்பி அருண்பிரகாஷ்! அக்காவை ஆச்சி என்று கூப்பிடும் செட்டிநாட்டுக் குடும்பம்.

உடனே வேறொரு குரல் குறுக்கிட்டது.

"உங்க வீட்டுத் தங்க வராகன் வேணும். பத்து காஜா ஊருக்குப் போற வழியில பழைய எஸ்டேட்டு. ரப்பருக்குப் புகை போட்ட கட்டடம். தனியா வா. போலீசு வந்துச்சு... தம்பி இல்ல!"

சாமி அறையில் மஞ்சள் துணியில் முடிந்து வைத்திருந்த ஒற்றைக் காசை எடுத்துக்கொண்டு காரை விரட்டினாள். காசு கிடக்கட்டும்... தம்பி பிழைத்தால் போதும்!

கட்டடத்துக்குப் பாதிக் கூரை இல்லை. தூணில் கட்டப்பட்டிருந்தான் தம்பி. பக்கத்தில் ஹெல்மெட் கழற்றாத ஒருவன். கையில் பாராங் கத்தி.

"கொண்டாந்தியா?"

முடிச்சை அவிழ்த்து நீட்டினாள். அவன் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"ஒரு பக்கம் பெருமாள். மறு பக்கம் நட்சத்திரம். பன்றி எங்க?"

"ப... பன்றியா?"

"வராகம்னா பன்றி. பெருமாளோட அவதாரம். அந்தக் காலத்து ராஜா பன்றி முத்திரை குத்துனதாலதான் வராகன்னு பேரு. வீடியோ பாத்துட்டுத்தான் வந்திருக்கேன்லா! யாருகிட்ட டூப்பு காட்டுற?"

"அண்ணே, சத்தியமா இதுவும் வராகன்தான்..."

"பொய் சொல்லாத!"

காசை வீசி எறிந்தான். அது வெளியே லாலான் புல்லில் போய் விழுந்தது. பாராங் தம்பியின் விரல் மேல் வந்து நின்றது.

"கடைசியா கேக்குறேன். பன்றி போட்டது எங்க?"

"ஆச்சீ...!"

உண்மையைச் சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறானே பாவி! இறுக்கிப் பிடித்திருந்த கார்ச் சாவி உள்ளங்கையில் குத்தியது. குனிந்து பார்த்தாள்.

"இ... இருக்கு! பயத்துல மறைச்சிட்டேன். வெட்டிடாதீங்க அண்ணே!"

சாவி வளையத்தில் தொங்கிய காசைக் கழற்றி நீட்டினாள். மஞ்சளாய் மின்னியது. ஒரு பக்கம் பூ. மறு பக்கம்... கொழுத்த பன்றி!

"தங்கத்தச் சாவியில மாட்டி ஒளிச்சிருக்க. கெட்டிக்காரிலா நீ!"

அவன் மோட்டார் சைக்கிள் சீறிக் கிளம்பியது. சத்தம் ஓய்ந்ததும் தம்பியிடம் ஓடினாள். கட்டை அவிழ்த்துவிட்டாள்.

"ஆச்சி... அசல் போயிடுச்சே!"

வெளியே ஓடி லாலானில் மண்டியிட்டுத் துழாவினாள். அகப்பட்டது! கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"இதாண்டா அசல். பன்றி போட்டது முந்தி ஆண்ட ராஜாங்க. பின்னால வந்தவங்க சாமியப் போட்டாங்க, நட்சத்திரத்தப் போட்டாங்க. பேர மட்டும் யாரும் மாத்தல. அவன் பாதி வீடியோதான் பாத்திருக்கான்!"

"அப்ப அவன் கொண்டு போனது?"

"சீனவங்க கணக்குல பன்றி வருஷம் பொறந்த பெருநாளுக்கு நகைக்கடையில ஃப்ரீயா குடுத்ததுலா. தங்கம்தான் பொய்... பன்றி அசல்!"