ஓடாத மெஷினின் இரைச்சல்

ஓர் ஆண்மகனின் மானத்துக்கு அன்று காலை விலை பேசி முடிந்திருந்தது: பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று, எண்ணெய்க் கசிவு உட்பட.

பந்தயம் இதுதான். கண்ணாடிக் கடைக்காரர் காலில் சிங்கம் பச்சை குத்திக்கொள்ள வேண்டும். வாயிலிருந்து ‘ஆ’ என்று ஒரு முனகல்கூட வரக்கூடாது. வராவிட்டால் மச்சினனின் வண்டி அவருக்கு.

முனகல் வரவில்லை. 11.10க்கு வலிப்பு வந்தது.

11.33. ஆஸ்பத்திரித் தாழ்வாரம். இன்ஸ்பெக்டர் அம்மா வந்ததும் மச்சினனைத்தான் பிடித்தார். டாட்டூ கடையில் கண்ணாடிக்காரர் கடைசியாகக் குடித்தது அவன் வாங்கிக் கொடுத்த ஆரஞ்சு ஜூஸ்.

“ஜூஸ்ல என்ன கலந்தே?”

“ஐஸ்தான் மேடம். அதுவும் ஜூஸ் கடைக்காரன் போட்டது.”

“ஒரு வாய் குடிச்சதும் ‘இரும்பு மாதிரி இருக்கு’ன்னு சொன்னாராமே?”

“மாமா எதைக் குடிச்சாலும் ஒரு நொட்டை சொல்லுவாரு. அந்த வண்டியைக் காப்பாத்தவா கொலை பண்ணுவேன்? தள்ளினாத்தான் மேடம் அது ஓடும்!”

கதவு திறந்து டாக்டர் எட்டிப் பார்த்தார். “ரெண்டாவது வலிப்பு வந்தாச்சு. இதயத் துடிப்பு தாறுமாறா இருக்கு. என்ன விஷம்னு தெரிஞ்சாத்தான் சரியான மருந்து குடுக்க முடியும். ரத்தப் பரிசோதனை முடிவு வர சாயங்காலம் ஆகும். அவர் சாயங்காலம் வரைக்கும் தாங்கமாட்டார். ஜூஸ்னா வயித்தைக் கழுவவா?”

“பத்து நிமிஷம் குடுங்க.”

“எனக்கிருந்தா குடுக்கமாட்டேனா?” கதவு மூடிக்கொண்டது.

11.41. கண்ணாடிக்காரரின் மனைவி சுவரோரம் நின்று கைப்பை வாரை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

“வழக்கமா ஏதாவது மருந்து சாப்பிடுவாரா?”

“ஒரு மாத்திரைகூட முழுங்கமாட்டார் மேடம்.” தம்பி நின்ற பக்கம் மட்டும் அவள் பார்வை போகவில்லை.

11.46. டாட்டூக்காரர். கையுறையைக் கழற்றக்கூட மறந்து ஓடி வந்தவர்.

“நீங்க ஏதாவது பூசினீங்களா?”

“என் கடையில வலியோடதான் மேடம். வலி மரக்கிற பூச்சு, ஊசி எதுவும் கிடையாது. மழிக்கிறதுக்குக்கூட வேலை வைக்கல. வீட்டிலேயே மழிச்சுட்டு வந்துட்டார், ரெண்டு காலும்.”

“சிங்கம் ஒரு கால்லதானே?”

“அங்க வந்துதான் வலது கால்னு முடிவு பண்ணாரு. பாத்ரூம் போயிட்டு வந்து உட்கார்ந்தாரு. உட்கார்ந்த உடனே, ‘மெஷின் ரொம்ப இரையுதே’ன்னாரு. நான் அப்ப ஊசியே மாட்டல, மெஷினைப் போடவே இல்ல! சரி, பயம்னு நெனச்சேன். ஆனா குத்த ஆரம்பிச்சா கண்ணுகூடச் சிமிட்டல. அப்புறம் ஜூஸ் வந்துச்சு. வாயோரமா சட்டையெல்லாம் வழியுது, அவருக்குத் தெரியவே இல்ல. நான்தான் தொடைச்சுவிட்டேன்.”

இன்ஸ்பெக்டர் அம்மாவின் பேனா நின்றது.

11.52. டாட்டூ கடையைச் சோதித்த கான்ஸ்டபிள் போனில் வந்தார். “பாத்ரூம் குப்பைத் தொட்டியில சமையல்கட்டுல சாப்பாட்டை மூடுற பிளாஸ்டிக் தாள் இருக்கு மேடம். ஒரு கால் அளவுக்கு. உள்பக்கம் வெள்ளையா வழவழன்னு.”

போனை வைத்த இன்ஸ்பெக்டர் அம்மா நேரே மனைவியிடம் வந்தார்.

“ஜூஸ் வர்றதுக்கு முன்னாலயே அவர் காதுல இரைச்சல். உதடு மரத்துப்போனதாலதான் ஜூஸ் வழிஞ்சது தெரியல. ஆக, விஷம் வாய் வழியாப் போகல, தோல் வழியாப் போயிருக்கு. உங்ககிட்ட என்ன சாப்பிடுவார்னுதான் கேட்டேன். என்ன பூசினார்னு கேட்கல. இப்பக் கேட்கறேன். என்ன பூசினீங்க?”

கைப்பை வார் அறுந்தது.

“மரத்துப்போற க்ரீம்… வெளிப்பூச்சுதானே மேடம், அது போய் மருந்தா?”

“எத்தனை ட்யூப்?”

“நாலு. எந்தக் கால்னு முடிவாகலையா, அதனால ரெண்டு கால்லயும். நல்லா ஊறட்டும்னு அந்தத் தாளைச் சுத்திவிட்டேன்.”

“குப்பைத் தொட்டியில ஒரு கால் தாள்தான் இருக்கு.”

சொல்லி முடிக்கும்போதே அவர் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போயிருந்தார். “வயித்தை விடுங்க டாக்டர், இடது காலைப் பாருங்க!”

கால்சட்டையைக் கிழித்தார்கள். முழங்காலுக்கு மேலும் கீழும் இறுகச் சுற்றிய பிளாஸ்டிக் தாள், அதனடியில் க்ரீம். இத்தனை நேரமும் அது உள்ளே இறங்கிக்கொண்டுதான் இருந்தது. நர்ஸ் தாளை உரித்துக் காலைக் கழுவினாள். டாக்டர் வேறொரு புட்டியை மாட்டினார்.

12.25. டாக்டர் வெளியே வந்தார், நெற்றி வேர்வையோடு.

“துடிப்பு சீராயிடுச்சு. பொழைச்சுக்குவார். ஏம்மா, கொஞ்சூண்டு இடத்துல மெல்லிசாத் தடவுறதை வீட்டுக்கு வெள்ளையடிக்கிற மாதிரியா அடிப்பீங்க? மழிச்ச தோல், மேல பிளாஸ்டிக், உள்ள சூடு. அத்தனையும் ரத்தத்துல கலந்து மூளைக்கும் இதயத்துக்கும் போகும். காதுல இரைச்சல், நாக்குல இரும்பு ருசி, வலிப்பு எல்லாம் அதாலதான். ட்யூப்போட வந்த சீட்டைப் படிச்சீங்களா?”

“எழுத்து பொடிசா இருந்துச்சு…”

“குற்றவாளி உள்ளே படுத்திருக்கார்,” என்றார் இன்ஸ்பெக்டர் அம்மா. “கூட்டாளி நீங்க. தம்பி, நீ போகலாம்.”

அவன் போகவில்லை. அக்கா எதிரில் வந்து நின்றான்.

“உன்கிட்ட மட்டும் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாருடா. க்ரீமாலதான் இப்படி ஆச்சுன்னு எனக்குத் தெரியாது.”

“அது சரி. நான் விஷம் வச்சிருக்க மாட்டேன்னு மட்டும் உனக்குத் தெரியுமில்ல? ஒரு வார்த்தை சொன்னியாக்கா?”

அவள் அறுந்த கைப்பை வாரை முடிச்சுப் போட்டாள். அவன் திரும்பிப் பார்க்காமல் படியிறங்கினான்.

இன்ஸ்பெக்டர் அம்மா நோட்டைப் பிரித்து எழுதினார்:

க்ரீம் ட்யூப்: வாங்கியது நான்கு, மிச்சம் இல்லை.
உயிர்: போக இருந்தது ஒன்று, திரும்பி வந்தது ஒன்று. கணக்கு நேர்.
தம்பி சந்தேகத்தில் நின்றது: பத்தொன்பது நிமிடம். அக்கா கொடுத்த பதில்: இல்லை. பாக்கி.