ரோசாப்பூ திக்காருக்கு அடியில்...

"ஐயோ... சீ! சீ! யாராச்சும் போலீசுக்குப் போன் போடுங்க...!"

பாசிர் கூடாங். காலை பத்து மணி. ஒரு வாடகை வீட்டு ஹாலில், வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள் வீட்டுச் சொந்தக்காரி ராசம்மா.

பத்து நிமிடத்துக்கு முன்னால் வரை பிரச்சினை சாதாரணமானதுதான். தரையில் விரித்திருந்த திக்காரை, அந்த ரப்பர் விரிப்பை, மாற்றுவதா, வேண்டாமா?

திக்காரா அது? தூ! கிழிந்து, சுருண்டு, கால் வைத்தால் பிசுபிசுவென்று ஒட்டியது.

"அக்கா, இந்த நாத்தம் தாங்காம என் சம்சாரம் கிருஷ்ணம்மா கோவிச்சுக்கிட்டு அவங்க அம்மா வீட்டுக்குப் போயி ரெண்டு வாரமாச்சு. தரைய மாத்தினாத்தான் வருவாளாம்!"

கெஞ்சியவன், குடியிருக்கும் ஐயாசாமி. நைட் ஷிப்ட் முடிந்து வந்தவன் பேக்டரி சட்டையைக்கூட மாற்றவில்லை.

"எதுக்குக்கா வீண் வேலை? மேலயே புதுசா ஒண்ணு விரிச்சிரலாம் லா!" என்றான் ராசம்மாவின் தம்பி ஜெயபாலன். வீட்டைப் பார்த்துக்கொள்வது அவன்தான். "தீபாவளிக்குத் தீபாவளி எல்லாரும் அப்படித்தானே செய்றாங்க? பழச எவன் உரிக்கிறான்?"

அதுவும் உண்மைதான். ஐயாசாமியே மூன்று தீபாவளிக்கு மூன்று திக்கார் விரித்திருந்தான். ஒன்றின் மேல் ஒன்றாக!

"நாறுதுடா! மனுசன் இருக்கிற வீடா இது? உரிச்சிட்டுத்தான் மறுவேலை!"

ராசம்மா குனிந்து இழுத்தாள்.

முதல் திக்கார். கரப்பான் பூச்சிகள் சிதறி ஓடின.

இரண்டாவது. கறுப்புப் பூஞ்சை.

மூன்றாவது... அழுகல் நாற்றம்.

எல்லாவற்றுக்கும் அடியில், ரோசாப்பூ போட்ட ஒரு திக்கார். சிமெண்ட்டோடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தது.

"போதும்கா! விடுக்கா!" ஜெயபாலனின் குரல் கீச்சிட்டது.

அவள் விடவில்லை. டர்ர்ர்...!

அடியில் ஒரு பாய் அகலத்துக்குக் காய்ந்த கருஞ்சிவப்புக் கறை. அதில் ஒட்டிக் கிடந்த தலைமுடி!

அதற்குத்தான் அந்த அலறல்.

அரை மணி நேரத்தில் வந்து சேர்ந்த இன்ஸ்பெக்டர் ரூபேந்திரன் மூக்கைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு குனிந்தார்.

"அலமாக்! ரத்தம் மாதிரி இருக்கே..."

"மாதிரி என்ன சார்? ரத்தமேதான்!" ஜெயபாலன் பாய்ந்தான். "இவன் பொண்டாட்டிய ரெண்டு வாரமா காணோம். இவனக் கேளுங்க!"

ஐயாசாமி தலையில் அடித்துக்கொண்டான். கொலை கேஸ்!

"சத்தியமா இல்ல சார்... அவ அம்மா வீட்டுல இருக்கா..."

"போன் போடு."

போட்டான். மணி அடித்தது... அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை!

கான்ஸ்டபிள் விலங்கை வெளியே எடுத்தார்.

"பாத்தீங்களா சார்? நான் சொல்லல?" ஜெயபாலன் முகத்தில் ஒரு சிரிப்பு. அருவருப்பான சிரிப்பு.

இன்ஸ்பெக்டர் உரித்துப்போட்ட திக்கார்களைக் காலால் புரட்டினார்.

"ஏன் ஜெயபாலன்... போன ரெண்டு வாரத்துல மூணு தீபாவளி வந்துச்சா?"

"சார்...?"

"மூணு வருசத்துத் திக்கார் மேல கெடக்கு. கறை எல்லாத்துக்கும் அடியில! ஐயாசாமி, இந்த ரோசாப்பூவ யாரு விரிச்சது?"

"நான் குடி வர்றப்பவே கெடந்துச்சு சார்!"

"அது... நான் வாங்கிக் குடுத்தது." ராசம்மாவின் குரல் இறங்கியது. "அப்ப இந்த வீட்டுல தம்பிதான் தங்கியிருந்தான். 'நீ வராதக்கா, நானே விரிச்சிக்கிறேன்'னு சொன்னான்..."

ஜெயபாலன் வாசலைப் பார்த்தான். அங்கே இரண்டு போலீஸ்.

"அந்தச் சமயத்துல உங்க வீட்டுல யாராவது காணாமப் போனாங்களாம்மா?"

"காணாமல்லாம் போகல சார். என் வீட்டுக்காரர் சதாசிவம் எவளோடயோ சிங்கப்பூருக்கு ஓடிட்டார். தம்பி கண்ணால பாத்தான். நாசமாப் போன மனுசன்!"

இன்ஸ்பெக்டர் பேனாவால் கறையின் ஓரத்தை நோண்டினார். ஏதோ பெயர்ந்து வந்தது.

தங்கம் கட்டிய பல்!

ராசம்மா அப்படியே சுவரில் சாய்ந்தாள். அந்தப் பல்லைக் கட்டச் சதாசிவத்தைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போனவளே அவள்தான்.

"ஐயோ... அவர் ஓடலையா? மூணு வருசமா அந்த மனுசனச் சபிக்காத நாளில்லையே! டேய் தம்பி, என் கையால சோறு தின்னியேடா பாவி! ஏன்டா?"

"வீட்ட வாடகைக்கு விடணும், காலி பண்ணுன்னாருக்கா... ஆத்திரத்துல கட்டையால..."

"எங்கடா அவரு?"

"யோங் பெங் பக்கம்... செம்பனைத் தோட்டத்துல பொதைச்சிட்டேன்..."

ராசம்மா அவன் முகத்தில் காறித் துப்பினாள்.

ஐயாசாமிக்கு எடுத்த விலங்கு ஜெயபாலன் கையில் ஏறியது.

அதே நேரம் ஐயாசாமியின் போன் அலறியது. கிருஷ்ணம்மா!

"குளிச்சிட்டிருந்தேன். என்ன, தரைய மாத்தியாச்சா இல்லையா?"

"வந்துராத தாயி! வேற வீடு பாக்கறேன்!"

விலங்கு மாட்டிய கையோடு ஜெயபாலன் உரித்துப்போட்ட திக்கார்களின் மேலேயே பொத்தென்று உட்கார்ந்தான்.

இன்ஸ்பெக்டர் அவனைக் குனிந்து பார்த்தார்.

"நல்லா உக்காந்துக்க. எங்க லாக்கப்புல வெறும் சிமெண்ட்தான்... மேல விரிக்க ஒண்ணும் தர மாட்டோம்!"