ஒழுகும் சீட்டில் ஒரு கருத்து

நாசரேத்திலிருந்து தூத்துக்குடி போகும் பஸ் ஏரல் பஸ் ஸ்டாண்டில் வந்து நின்றபோது மழை வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தது. குடையை மடக்கியும் மடக்காமலும் பேச்சிச்செல்வி ஏறினாள். ஜன்னலோரம் ஒரே ஒரு சீட்டு காலி. அதில் நீலக் கர்ச்சீப் ஒன்று விரித்துக் கிடந்தது.

எவனோ இடம் போட்டுவிட்டு டீ குடிக்கப் போயிருக்கிறான்... துணி போட்டால் சொந்தமாகிவிடுமா?

கர்ச்சீப்பை இரண்டு விரலால் தூக்கி முன்சீட்டுக் கம்பியில் தொங்கவிட்டாள். உட்கார்ந்தாள்.

"மேடம்... அது..."

காகித டம்ளரோடு ஒருவன் நின்றான். தலையெல்லாம் மழை. பெரிய, அமைதியான கண்கள். இமை நுனியில் ஒரு துளி, விழலாமா வேண்டாமா என்று யோசித்தபடி தொங்கிக்கொண்டிருந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் அப்படிப் பார்த்ததற்காகத் தன்மீதே எரிச்சல்பட்டாள்.

"என்ன அது? கர்ச்சீப்புக்குத் தனியா டிக்கெட் எடுத்தீங்களா?"

"இல்ல மேடம், நான் சொல்ல வந்தது..."

"சீட்டுல உங்க பேரு எழுதியிருக்கா?"

கண்டக்டர் சிரித்தார். "சார்வாள், டீச்சரம்மாட்டப் பேசி ஜெயிக்கவா போறீங்க? பேசாம நில்லுங்க."

அவன் நின்றான். பஸ் கிளம்பியது. முதல் வளைவிலேயே கூரையிலிருந்து சில்லென்று ஒரு சொட்டு அவள் பிடரியில் விழுந்தது. அடுத்தது தோளில்... அடுத்தது நேராகச் சேலையில்.

"அங்கன ஒழுகுது," என்றான் அவன் மெதுவாக. "யாரும் தெரியாம உக்காந்திரக் கூடாதுன்னுதான் கர்ச்சீப் போட்டேன்."

"முதல்லயே வாயத் தொறந்து சொல்றதுக்கு என்ன?"

"கேட்டாத்தான் சொல்லுவேன். அது ஒரு பழக்கம்."

எழுந்திருக்கலாம். ஆனால் எப்படி எழுந்திருப்பாள்? முக்காணி போனது, பழையகாயல் போனது, மழையில் கரைந்துகொண்டிருந்த உப்பளங்கள் போயின. பேச்சிச்செல்வி அந்தச் சொட்டுக்கு அடியிலேயே, அசையாமல், தூத்துக்குடி வரைக்கும் நனைந்துகொண்டே வந்தாள். அவன் ஒருமுறைகூடச் சிரிக்கவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரம்.

அவளுடைய மனசெல்லாம் ஜெனிலாமேல் இருந்தது. பத்தாம் வகுப்பு ஜெனிலா, திரேஸ்புரத்துப் பிள்ளை, இன்று மாவட்டப் பேச்சுப் போட்டியில் பேசப் போகிறாள். 'கடற்கரைக்கு வேண்டியது இன்னும் பெரிய துறைமுகமே' என்பது தலைப்பு. ஜெனிலா எதிர்த்துப் பேசுகிறாள். பேச்சை எழுதியது பேச்சிச்செல்வி. பிள்ளைகளுக்கு டீச்சர் எழுதிக் கொடுப்பதும், அவர்கள் மனப்பாடம் செய்து முழங்குவதும் எல்லாப் பள்ளியிலும் நடப்பதுதான். ஆனால் அவள் எழுதினால் தீப்பற்றும். சமூக அறிவியல் வகுப்பிலும் அப்படித்தான். கடலைப் பற்றி, சாதியைப் பற்றி, ஓட்டைப் பற்றி, தான் நினைப்பதை மறைக்காமல் சொல்லுவாள். ஹெச்.எம். கண்டித்தும் நிறுத்தவில்லை.

அரங்கத்துக்குள் ஈரச் சேலையோடு நுழைந்தவள் நடுவர் மேசையைப் பார்த்து நின்றுவிட்டாள். மூன்றாவது நாற்காலியில் அந்த நீலக் கர்ச்சீப். அவன்தான் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். 'பெவின், அறிவியல் ஆசிரியர்' என்று முன்னால் அட்டை.

கெட்டது போ...

ஜெனிலா பிரமாதமாகப் பேசினாள். ஒரே ஒரு இடத்தில் மட்டும் குரல் இறங்கியது. பேச்சிச்செல்விக்கு மிகவும் பிடித்த வரி அது. 'துறைமுகத்தில் கூலிக்குப் போகிறவர்கள் நம் கடலை விற்றவர்கள்' என்ற வரி. பிள்ளை அதை விழுங்கினாற்போலச் சொல்லிவிட்டு அடுத்ததற்குத் தாவினாள். ஆனாலும் கைதட்டல் ஓயவில்லை.

பெவின் எல்லாரிடமும் கேட்ட ஒரே கேள்வியை அவளிடமும் கேட்டான். "நல்லா பேசுன, பாப்பா. இதுல உனக்குப் பிடிக்காத வரி ஏதும் உண்டா?"

ஜெனிலா டீச்சரைப் பார்த்தாள். அப்புறம் கடைசி வரிசையைப் பார்த்தாள். மறுபடி டீச்சரைப் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது. வாய் திறக்கவில்லை.

பரிசு கிடைக்கவில்லை.

வாசல் கொட்டகையில் பேச்சிச்செல்வி அவனை மறித்தாள். தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். அவனுக்கும் தப்பிக்க வழி இல்லை.

"சீட்டுக்குப் பழி தீத்துட்டீங்க. அப்படித்தான?"

"குரல் பாப்பாவோடது. கோபம் உங்களோடது. அதுக்கு எப்படி டீச்சர் மார்க் போட?"

"நான் நினைக்கறத பிள்ளைங்ககிட்ட சொல்லக் கூடாதா?"

"உங்க கையில மார்க் இருக்கு. நீங்க என்ன சொன்னாலும் பாப்பா தலையாட்டும். பதினஞ்சு வயசுல அதத் தன்னோட கருத்துன்னே நம்பிரும். நான் எங்கிளாஸ்ல யாருக்கு ஓட்டுன்னு ஒருநாளும் சொன்னதில்ல."

"நல்லவருதான் நீங்க." அவள் குரல் தாழ்ந்தது. "எங்க ஊர்ப் பள்ளிக்கூடத்துல வகுப்பக் கூட்டுறது எங்க தெருப் பிள்ளைங்கதான். நான் விளக்குமாறோட நிப்பேன், மத்ததுங்க பெஞ்சில உக்காந்திருக்கும். எங்க வாத்தியார் ஒரு வார்த்த பேசல. ரொம்ப நல்லவரு. எந்தப் பக்கமும் சாய மாட்டாரு... உங்கள மாதிரியே. அவரு பேசாததத்தான் நான் அஞ்சாப்பு வரைக்கும் படிச்சேன்."

அவன் கண்களில் ஏதோ அசைந்தது. அதைப் பார்க்க அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை. ஜெனிலாவின் கையைப் பிடித்தபடி ஓர் ஆள் வந்தார். சட்டைக்கு மேலே, இருட்டிலும் பளிச்சிடும் பச்சைக் கோட்டு. துறைமுகத்தில் சரக்கு இறக்குகிறவர்கள் போடுவது.

"டீச்சர், நான் செல்வதுரை. பாப்பாவோட அப்பா. ஷிப்ட மாத்திட்டு வந்தேன்." முகம் நிறையச் சிரித்தார். "வீட்ல நான் தலை காட்டுனா பேச்ச நிறுத்திருவா. இன்னைக்குத்தான் கடைசி வரிசையில உக்காந்து முழுசாக் கேட்டேன். என்னத்தான் இவ வையுதான்னு பாதியிலதான் வெளங்குச்சு... பரவால்ல டீச்சர். சத்தமாப் பேசுனாள்லா, அது போதும்."

ஜெனிலா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

உன் அப்பா என்ன வேலை பார்க்கிறார் என்று ஒருநாளும் கேட்டதில்லையே... திரேஸ்புரம் என்றால் வள்ளம், வலை என்று அவளாகவே முடிவு செய்துகொண்டிருந்தாள்.

பெவின் அங்கேயேதான் நின்றான். வாதத்தில் ஜெயித்தவன் முகம் அது இல்லை. அவனும் தரையைத்தான் பார்த்தான். அவள் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் தண்ணீருக்குள் இறங்கி நடந்தாள்.

அதற்குப் பிறகு எதுவுமே நிலைகொள்ளவில்லை. பாடம் நடத்தும்போது பாதி வாக்கியத்தில் நின்றாள். ஜெனிலா முன் பெஞ்சிலிருந்து பின் பெஞ்சுக்குப் போய்விட்டாள். கேட்டால் "ஆமா டீச்சர்", "இல்ல டீச்சர்". அந்த இரண்டு வார்த்தையும் அவளை அறுத்தன. ஒவ்வொரு நாளும் நாசரேத் பஸ் வரும்போது மட்டும் கால் தானாக முன்னே போனது. உள்ளே எட்டிப் பார்ப்பாள். நீலக் கர்ச்சீப் இல்லை. இல்லாததற்கு ஏன் இவ்வளவு கோபம் வருகிறது...

ஒரு திங்கட்கிழமை அவள் பாடப் புத்தகத்தை மூடி வைத்தாள்.

"துறைமுகத்தப் பத்தி நான் எழுதுன பேச்சு என் கருத்து. அதுல ஒரு வரி தப்பு. ஜெனிலா அப்பாவப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாம எழுதுன வரி. இப்ப யாராவது என் கருத்த எதுத்துப் பேசுங்க. மார்க் குறைக்க மாட்டேன்."

கடைசியில் பின் பெஞ்சு அசைந்தது.

"எங்கப்பா கடலுக்குத்தான் போனாங்க டீச்சர்," என்றாள் ஜெனிலா. "மீன் கெடைக்கல. எங்க ஃபீஸ் கட்டுறது துறைமுகம்தான். ஆனா துறைமுகம் பெருசாச்சுன்னா எங்க சித்தப்பா வள்ளம் எங்கன நிக்கும்? எனக்கு ரெண்டும் வேணும். ரெண்டும் வேணும்னா என்ன செய்யணும்னு உங்க பேச்சுல இல்லவே இல்ல டீச்சர். அது சும்மா சத்தம்."

யாரோ 'அய்யய்யோ' என்றார்கள். பேச்சிச்செல்வி சிரித்துவிட்டாள். சிரித்ததும் கண் கலங்கியது. அடுத்த நாள் ஜெனிலா முன் பெஞ்சில் இருந்தாள், சண்டைக்குத் தயாராக.

இதை யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும்... யாரிடமாவது என்ன யாரிடமாவது!

வெள்ளிக்கிழமை மறுபடி மழை. நாசரேத் பஸ். ஜன்னலோரம், அதே ஒழுகும் சீட்டில், அவனே உட்கார்ந்திருந்தான். தோள் முழுக்க ஈரம். பக்கத்துக் காய்ந்த சீட்டில் கர்ச்சீப்.

"இப்ப இது யாருக்காம்?" என்றாள்.

"கேக்கறவங்களுக்கு."

கர்ச்சீப்பை ஓரமாக நகர்த்திவிட்டு உட்கார்ந்தாள். ஜெனிலா சொன்னதை ஒரு மூச்சில் சொல்லி முடித்தாள். "ஆனா ஒண்ணு. நான் இனியும் சொல்லத்தான் செய்வேன். கேட்டுக்கிட்டுச் சொல்லுவேன், அவ்வளவுதான்."

அவன் வெளியே பார்த்துக்கொண்டே பேசினான். "எங்கிளாஸ்ல பயலுக கையில கலர் கலராக் கயிறு கட்டிட்டு வாரானுவ. எந்தச் சாதிக்கு எந்தக் கலருன்னு எனக்கும் தெரியும். இத்தன நாளும் கரும்பலகையத்தான் பாத்தேன். உங்க விளக்குமாறு கதையக் கேட்ட பெறகு முடியல... 'இது தப்பு, கழட்டுங்கலே'ன்னு சொல்லிட்டேன். துறைமுகத்துக்கு ரெண்டு பக்கம் உண்டு. இதுக்குக் கிடையாது."

"அப்புறம்?"

"கொஞ்சப் பேரு கழட்டுனானுவ. மத்தவன் வீட்ல இருந்து ஆள் வந்தாச்சு. பள்ளிக்கூடத்துல மெமோ குடுக்காங்க."

"பயமா இருக்கா?"

"இருக்கு," என்றான். திரும்பினான். இமை நுனியில் ஒரு துளி.

மறைக்காமல் 'இருக்கு' என்று சொன்ன அந்த முகத்தைப் பார்த்ததும் பேச்சிச்செல்விக்கு எல்லாம் தெளிவாகிவிட்டது. தெளிவானதை வைத்துக்கொண்டு சும்மா இருக்க அவளுக்குத் தெரியாது.

"சார், ஒரு கருத்து சொல்லணும்."

"சொல்லுங்க டீச்சர்."

"உங்கள எனக்குப் பிடிச்சிருக்கு." பஸ் இரைச்சலில் கேட்டதோ இல்லையோ என்று இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னாள். முன்சீட்டு அம்மா திரும்பிப் பார்த்தார். "இது என் கருத்து மட்டுந்தான். நீங்க மறுக்கலாம். மார்க் குறைக்க மாட்டேன்."

உப்பளத்தின்மேல் மழை கோடு கோடாக இறங்கிக்கொண்டிருந்தது. பாவி, இப்போதும் பேசமாட்டானா... அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது.

"சரி, கேக்கேன். நீங்க என்ன நினைக்கீங்க?"

துளி விழுந்துவிட்டது.

"கர்ச்சீப்ப ரெண்டு விரல்ல தூக்குனீங்கல்லா..." என்றான். "அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன். நீங்க கேக்கத்தான் இத்தன நாளாச்சு. எங்கம்மா நாசரேத்துல கோயில் பாட்டுக் குழுவுல இருக்காங்க. அவங்களுக்கும் ஒரு கருத்து இருக்கும்."

"எங்கம்மைக்கும் இருக்கும். தெருவுக்கே கேக்கும்."

இருவரும் சிரித்தார்கள். கூரையிலிருந்து ஒரு பெரிய சொட்டு அவன் நெற்றியில் பட்டுத் தெறித்தது. பேச்சிச்செல்வி கர்ச்சீப்பை மடியில் எடுத்துக்கொண்டு, காய்ந்த சீட்டின் ஓரத்துக்கு நகர்ந்து இடம் விட்டாள்.

"இங்கன வாங்க," என்றாள். "அங்கன ஒழுகுது."