சத்தமில்லாத நினைவி

தேங்காய் வாங்கி வரச் சொன்னாளா, சொல்லவில்லையா என்று தீர்ப்புச் சொல்ல நினைவிக்கு அன்றைக்கு நாற்பது நொடி பிடித்தது. வழக்கமாக இரண்டு நொடிதான். அந்த நாற்பது நொடியும் அலமாரியில் இருந்த பெட்டியின் ஃபேன் மிக்சி மாதிரி இரைந்தது. பிறகு கூரையிலிருந்து பதில் வந்தது.

"செவ்வாய், காலை ஏழு பன்னிரண்டு. மோகனப்பிரியா: வரும்போது ரெண்டு தேங்கா. தரணிதரன்: ம்."

தரணிதரன் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். ஜெயித்த மனைவிக்கும் சந்தோஷம் இல்லை. தொண்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வீட்டுக்கு வீடு நினைவி வந்து இருபது வருடம் ஆகிறது. கூரையில் ஒரு செவிக்கண். அது பார்த்ததும் கேட்டதும் வீட்டுக்குள்ளேயே ஒரு பெட்டியில் சேரும், வெளியே போகாது. அது வந்த பிறகு கைபேசியில் படம் பிடிப்பதைக்கூட ஜனங்கள் விட்டுவிட்டார்கள். 'மறந்துடாதே' என்று யாரும் யாரிடமும் சொல்வதில்லை. "பொட்டியில இருக்கும்" என்பார்கள், அத்தோடு பேச்சு முடிந்துவிடும். கோயம்புத்தூரில் இதைச் சொல்லாத வாய் கிடையாது.

மோகனப்பிரியாவின் குரல் கம்மி ஆறு மாதமாகிறது. குரல்வளையையே எடுக்க வேண்டும் என்று மருத்துவர் நாள் குறித்துவிட்டார். அதற்குப் பிறகு கழுத்தில் ஒரு குரலொட்டு ஒட்டுவார்கள். உதட்டை அசைத்தால் அது பேசும். அவளுடைய பழைய குரலைக் கேட்டுத்தான் அது பேசக் கற்றுக்கொள்ளும். தொண்டை நன்றாக இருந்த காலத்துப் பேச்சு முந்நூறு மணி நேரம் போதும் என்றார் மருத்துவர். பெட்டியில் பத்தொன்பது வருடம் கிடந்தது. ஆனால் பெட்டிதான் சாகக் கிடந்தது.

காந்திபுரத்துப் பின்சந்தில் ரபீக்கின் கடை. ஊரில் பாதி நினைவிகளுக்கு அவர்தான் வைத்தியர். பெட்டிக்குள் பதிவெல்லாம் சேர்ந்திருந்த நான்கு பழைய தட்டுகளையும் தொட்டுப் பார்த்தார், காதருகே வைத்துக் கேட்டார்.

"ஒரே ஒருக்கா படிக்கலாங்ண்ணா. அதுக்கு மேல தாங்காது. அந்த ஒருக்காவுல எது புதுப் பொட்டிக்குப் போவுதோ அதுதான் உங்குளுக்கு."

நான்கு தட்டு போடுகிற கூடு ஒன்றை எடுத்துக் காட்டினார். பத்தொன்பது வருடமும் அப்படியே அதில் அடங்கும். ஆனால் பின்னால் உள்ளங்கை அகலத்துக்கு ஃபேன் இருந்தது. தரணிதரன் வேண்டாம் என்றார். இந்த ஆறு மாதத்தில் மோகனப்பிரியா தனக்கென்று கேட்டது ஒன்றே ஒன்றுதான்: நான் பேச முடியாமல் படுத்திருக்கும்போது அந்த இரைச்சலாவது இல்லாமல் இருக்கட்டும். கேட்டதைச் செய்ய வேண்டும் என்று அவருக்கு இருந்தது. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் செய்யாமல் விட்டதற்கெல்லாம் சேர்த்து இதையாவது.

ஆகவே அரை நாள் உட்கார்ந்து சத்தமில்லாத பெட்டிக்குப் பாகங்களைப் பொறுக்கினார். பிரெட் பாக்கெட் அளவுக் கூடு. அதன் அலுமினிய உடம்பே சூட்டை வாங்கி வெளியே விடும், ஃபேன் தேவையில்லை. அதிகம் சுடாத சின்னத் தாய்ப்பலகை. மின்சாரம் கொடுக்கும் கட்டியைக் கூட்டுக்கு வெளியே வைத்துக்கொண்டார், அந்தச் சூடும் உள்ளே வேண்டாமென்று. கடைசியில் விரல் நீளத் தட்டு இரண்டு. அந்தக் கூட்டுக்கு அவ்வளவுதான் இடம். ஒரு தட்டில் ஆயிரத்து இருநூறு மணி நேரம் கொள்ளும். இரண்டையும் வேறு வேறு அட்டைப்பெட்டியிலிருந்து ரபீக் எடுத்துத் தந்தார். ஒரே நாளில் செய்த தட்டுகள் ஒரே நாளில் போய்ச் சேரும் என்பது அவர் அனுபவம்.

இரண்டையும் தனித்தனியாகப் பயன்படுத்தினால் இடம் இரட்டிப்பாகும் என்றும் ரபீக் சொன்னார். தரணிதரன் முப்பது வருடம் மோட்டார் கம்பெனியில் இருந்தவர். மாற்று மோட்டார் இல்லாமல் ஒரு கிணற்றிலும் பம்பு இறக்கியதில்லை. ஒன்றில் இருப்பது அப்படியே இன்னொன்றிலும் இருக்க வேண்டும், ஒன்று போனால் இன்னொன்று ஓட வேண்டும் என்று சொல்லிவிட்டார். ஆயிரத்து இருநூறு மணி நேரம் எங்கே, முந்நூறு எங்கே, தாராளம்.

கணக்கில் தப்பில்லை. அவர் கணக்கு எப்போதும் சரியாகத்தான் இருக்கும்.

வீட்டில் எல்லாவற்றையும் பூட்டி, பழைய தட்டுகளை இணைத்ததும் சல்லடை கேட்டது. எதை வைக்க, எதை விட என்று சலித்துத் தருகிற நிரல் அது. புதியவை முதலிலா, பழையவை முதலிலா, அதிகம் தேடியவை முதலிலா? புதியதெல்லாம் கம்மிய குரல். பழையதில், அந்தக் காலத்துச் செவிக்கண்ணில், குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருக்கும். மனைவியிடம் கேட்டார்.

"நாம தேடுனதுதானுங்க நமக்கு வேணுங்கறது. அதையே அமுத்துங்க" என்றாள், கண்ணைத் திறக்காமலே.

நியாயமான பேச்சு. அமுக்கினார். இரண்டு நாள் ஓடியது. வேலை முடிந்த கையோடு பழைய தட்டுகள் டொக்கென்று ஒரு சத்தம் போட்டு நின்றுவிட்டன. புதுப்பெட்டியில் சத்தமே இல்லை. உயிர் இருக்கிறதா என்று கையை வைத்துத்தான் பார்க்க வேண்டியிருந்தது. அன்று தரணிதரனுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அறுவைச் சிகிச்சை முடிந்து பதினாறாம் நாள் அவளை வீட்டுக்கு அழைத்து வந்தார். குரலொட்டு ஒரு பகல் முழுக்கப் பெட்டியிடம் பாடம் படித்தது. மாலையில் அவர் காபியோடு எதிரே உட்கார்ந்தார். அவள் உதட்டை அசைத்தாள்.

"சாப்டீங்களா?"

அவள் குரல்தான். கம்மல் இல்லை, பத்து வயது குறைந்த குரல். ஆனால் ஊரெல்லாம் சுற்றிவிட்டுப் பொழுது போய் வீட்டுக்கு வந்தவனைக் கேட்கிற கேள்வியாக அது வந்தது. தரணிதரன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். அவள் திகைத்துப்போய் வேறொன்று முயன்றாள். தண்ணீர் வேண்டும் என்றது குற்றச்சாட்டாக வந்தது. அவரைக் கூப்பிட்டது அதைவிட மோசம். தன்னை மீறிச் சிரித்தாள். குரலொட்டு சிரிக்கவில்லை, 'சிரிப்புக்கு மாதிரி இல்லை' என்று சின்னதாக ஓர் ஒலி கொடுத்தது.

மருத்துவமனைப் பெண் தொலைபேசியில் பொறுமையாக விளக்கினாள். கருவியில் குறை இல்லை. குரலை மட்டுமல்ல, ராகத்தையும் அது மாதிரிகளிலிருந்துதான் எடுக்கும். மாதிரிகளின் பட்டியலை அனுப்பினாள். தரணிதரன் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். தேங்காய். அக்கா வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு யார் போக வேண்டாம் என்றது. கேஸை அணைக்காமல் விட்டது யார். பொள்ளாச்சிக் கல்யாணத்தில் மாமியார் சொன்னதாக அவள் சொன்னதும், சொல்லவில்லை என்று அவர் சொன்னதும். பக்கம் பக்கமாக இதுதான்.

மழை பெய்த சாயங்காலம் இருவரும் சும்மா உட்கார்ந்து பேசியதைப் போட்டுக்காட்டு என்று எவன் நினைவியைக் கேட்டான்? வழக்கு இருந்தால்தானே சாட்சி வேண்டும். பத்தொன்பது வருடச் சச்சரவு ஒரு தட்டுக்குக் கச்சிதமாக இருந்தது. இரண்டாவது தட்டில் சாதாரண நாட்கள் வந்து விழுந்திருக்கும். அங்கே அவர் மாற்று மோட்டார் இறக்கியிருந்தார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். அவருக்கு அழுகை வரும்போல இருந்தது.

பட்டியலை அவளும் வாங்கிப் படித்தாள். படித்து முடித்துக் கூரையைப் பார்த்தாள். இந்த வீட்டில் சந்தேகம் வந்தால் கண் தானாக அங்கேதான் போகும்.

"நான் இவருகிட்ட எப்பவாச்சும் அன்பாப் பேசிருக்கறனா?"

கேள்வியே சண்டையாகத்தான் வந்தது. பெட்டி புதிது, இரண்டே நொடி.

"அப்படி ஒரு பதிவும் இல்லை."

"பொய்யி. பேசிருக்கறே பிரியா. எனக்குத் தெரியும்" என்றார் தரணிதரன்.

"எப்போங்?"

அவள் கண் கெஞ்சியது. குரல் குறுக்கு விசாரணை செய்தது.

அவர் வாயைத் திறந்தார். ஏதோ ஒரு பஸ் ஸ்டாண்ட். மழை. அவள் எதற்கோ சிரித்து அவர் தோளில் கையை வைத்தாள். எந்த ஊர், எந்த வருடம், என்ன சொன்னாள்? அதற்கு மேல் வரவில்லை. நினைத்துப் பார்க்கிற வேலையை அவர் பத்தொன்பது வருடமாகச் செய்ததில்லை. 'பொட்டியில இருக்கும்' என்ற வார்த்தை நாக்கு வரை வந்தது, விழுங்கிக்கொண்டார்.

அவள் காத்திருந்தாள். வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. தரணிதரன் எழுந்து போய் அலமாரியில் பெட்டியின் மேல் கையை வைத்துப் பார்த்தார். இளஞ்சூடாக இருந்தது. நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.