பழுது அலமாரியில் கிடைத்த புத்தகம்

அண்ணி இஸ்திரி போடும்போது வீட்டில் யாரும் அவரிடம் வாயைக் கொடுக்கமாட்டார்கள். ஆனால் அன்று காலை டீச்சர் வந்து நின்ற கோலத்தைப் பார்த்ததும், அண்ணியே பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு சுவிட்சை அணைத்தார். பாதி இஸ்திரியோடு நின்றுபோனது ஜெராக்ஸின் சட்டை. அவன் அதை அப்படியே மாட்டிக்கொண்டு, ஒரு கை மொடமொடப்போடும் மறு கை கசங்கலோடும் வந்து உட்கார்ந்தான். துப்பு துலக்குகிற வேலை என்றால் அவனுக்குச் சோறு தண்ணி வேண்டாம்.

ஜெராக்ஸ் அண்ணியின் கொழுந்தன். தெருமுனையில் நகலெடுக்கும் கடை வைத்திருந்ததால் வந்த பெயர் அது. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவனே திரும்பிப் பார்க்கமாட்டான். அண்ணி ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் விசாரணை அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். எரிந்த கடை, காணாமல் போன வண்டி, உடைந்த பூட்டு என்று வருடக்கணக்காகப் பார்த்து, எதற்கும் பதறாத ஒரு நிதானம் அவருக்கு வந்திருந்தது. போலீஸ் வரை போக விரும்பாதவர்கள் அவரிடம்தான் வருவார்கள்.

டீச்சர் உண்மையில் பள்ளிக்கூடத்தின் நூலகர். பிள்ளைகள் கூப்பிட்டுக் கூப்பிட்டே ஊருக்கெல்லாம் டீச்சராகிவிட்டவர். நூலகச் சங்கத்தின் நிர்வாகக் குழுவில் காலியான ஓர் இடத்துக்கு அன்று மாலை தேர்தல். போட்டியிட்டவர்கள் மூன்று பேர். டீச்சர் ஒருவர். பதவிக்காலம் முடிந்து மறுபடியும் நிற்கிற கல்லூரித் தலைமை நூலகர் இன்னொருவர். கையில் மைக் கிடைத்தால் திருப்பித் தரமாட்டார் என்பதால் அவருக்கு மைக் என்றே பெயர். மூன்றாமவர் அதே கல்லூரியில் கிழிந்த புத்தகங்களைச் செப்பனிடும் பிரிவின் தலைவர். அவரைப் பசை என்பார்கள். மூவருக்கும் நோட்டீஸ் அடித்துக் கொடுத்தது ஜெராக்ஸ்தான். வெளியே நடுநிலை பேசினாலும், டீச்சரின் நோட்டீஸுக்கு மட்டும் நல்ல தாள் போட்டிருந்தான்.

டீச்சர் நடந்ததைச் சொன்னார். தேர்தலையொட்டிச் சங்கக் கட்டடத்தில் மைக் ஒரு கண்காட்சி வைத்திருந்தார். அதன் பெருமையே ஒரு பழைய நிலப்படப் புத்தகம். சாப்பாட்டுத் தட்டு இரண்டை அருகருகே வைத்தால் எவ்வளவு இருக்குமோ அவ்வளவு பெரியது. முந்தாநாள் காலை கண்ணாடிப் பெட்டியில் அதைக் காணோம். பூட்டு உடையவில்லை, சாவி அலுவலக ஆணியில் தொங்குவது எல்லோருக்கும் தெரியும். வாக்குச்சீட்டைச் சரிபார்க்க அன்று காலை வேட்பாளர்கள் மூவருமே அங்கே போயிருந்தார்கள். நேற்று மாலை அந்தப் புத்தகம் டீச்சரின் நூலகத்து அலமாரியிலிருந்து வெளியே வந்தது.

சங்கச் செயலாளர் கெடு வைத்துவிட்டாராம். டீச்சர் தானாகப் போட்டியிலிருந்து விலகினால் விஷயத்தை மூடிவிடலாம். இல்லையென்றால் மாலைக் கூட்டத்தில் உறுப்பினர்கள் முன்னால் சொல்லியாக வேண்டும். பள்ளிக்கும் எழுதியாக வேண்டும்.

"விலகினா, ஆமா நான்தான் எடுத்தேன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்" என்றார் டீச்சர். "பதவி கிடக்கட்டும். நாளைக்கு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு பிள்ளைங்க கையில புத்தகத்தக் குடுத்து, பத்திரமா திருப்பிக் கொண்டாங்கன்னு சொல்லுவேன்?"

அண்ணி ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. முந்தாநாள் பள்ளிக்கு யார் யார் வந்தார்கள் என்று மட்டும் கேட்டார். அன்று மதியம் மூன்று வேட்பாளர்களும் ஆசிரியர் கூட்டத்தில் பேசினார்கள் என்றார் டீச்சர். மைக் பெரிய தட்டையான பையில் பேனரோடு வந்தார். பசை, செப்பனிட்டு முடித்த பள்ளிப் புத்தகங்களை அட்டைப்பெட்டியில் வைத்துத் தானே தூக்கி வந்தார்; பேச்சு மட்டும் எப்போதும் போல ஈரம், பூஞ்சை என்றே இருந்ததால் பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள்.

பேனர் பை என்று காதில் விழுந்ததுமே ஜெராக்ஸ் தீர்ப்பு எழுதிவிட்டான்.

மூவரும் போய்ப் பார்த்தபோது, பள்ளி நூலகத்தில் அந்த அலமாரி கடைசி மூலையில் இருந்தது. பிள்ளைகள் கிழித்த புத்தகங்களைச் செப்பனிட அனுப்பும்வரை போட்டுவைக்கிற பழுது அலமாரி. சாவி பக்கத்திலேயே தொங்கியது. நிலப்படப் புத்தகத்தைக் கண்டெடுத்தவர் ஓவிய ஆசிரியர். சார்ட் பேப்பர் தேடி வந்த இடத்தில் ஆசிரியர் அறை அலமாரி காலியாக இருந்ததால், போகிற போக்கில் இதைத் திறந்து பார்த்திருக்கிறார்.

"யாராவது சொல்லித் தெறந்தீங்களா?" என்று கேட்டார் அண்ணி.

"இல்லம்மா. நான் இத்தன வருஷத்துல இந்த அலமாரியத் தொட்டதே இல்ல. டீச்சர் மேல இப்படிப் பழி வரும்னு தெரிஞ்சா தொட்டிருக்கவும் மாட்டேன்" என்றார் அவர். குற்றவாளியைப் போலக் கையைப் பிசைந்துகொண்டிருந்தார்.

புத்தகம் இருந்த இடத்தைக் காட்டினார். அடித்தட்டில் பழைய செய்தித்தாள் குவியல் இருந்தது. எதையும் ஒளித்துவைக்க வசதியான இடம். ஆனால் அண்ணி விரலை வைத்துப் பார்த்தபோது தாள்கள் சுவரோரம் நமுத்துப் போயிருந்தன. நிலப்படப் புத்தகம் அங்கே இல்லை, நடுத்தட்டில் படுத்த வாக்கில் இருந்திருக்கிறது. அடியில் வெள்ளைத் தாள் ஒன்று விரித்திருந்தது. அங்கே முன்பு இருந்த கிழிந்த புத்தகங்களை மேல்தட்டுக்கு மாற்றி, ஒன்றின் மேல் ஒன்று அழகாக அடுக்கியிருந்தார்கள்.

பள்ளியிலிருந்து கிளம்பும்போது ஜெராக்ஸால் அடக்க முடியவில்லை. டீச்சரைக் கவிழ்க்க மைக் செய்த சூழ்ச்சி இது என்று சத்தியம் செய்தான்.

"பழி போடறதுக்கு வச்சவன், அது மத்தவங்க கண்ணுல படறதுக்கு ஒரு வழி பண்ணியிருக்க வேணாமா தம்பி?" என்றார் அண்ணி. "ஒரு போன் கூட வரல. அந்த ஓவியக்காரருக்கு சார்ட் பேப்பர் வேற எடத்துல கெடச்சிருந்தா, இன்னிக்கும் அது உள்ளேயேதான் இருந்திருக்கும்."

தீர்ப்பைத் திருத்தி எழுத ஜெராக்ஸுக்கு அவகாசம் தேவைப்பட்டது.

சங்கக் கட்டடத்தை அடைந்தபோது வானம் கருத்திருந்தது. மண்டபத்துக்குள் புதுப் பெயின்ட் வாசனை மூக்கைத் துளைத்தது. செயலாளர் கண்ணாடிப் பெட்டியைக் காட்டினார். நிலப்படப் புத்தகம் மறுபடியும் நடுவில் விரித்து வைக்கப்பட்டிருந்தது. அதன் வலப்பக்கம் ஒரு பழைய உலக உருண்டை, இடப்பக்கம் சங்கத்துப் பத்திரிகையின் முதல் தொகுதி. திருட்டு நடந்த காலையில் இவை இரண்டும் இடது மூலையில் ஒட்டிக்கொண்டு கிடந்தன. திருடன் அவசரத்தில் தள்ளியிருப்பான், நான்தான் பழையபடி எடுத்து வைத்தேன் என்றார் செயலாளர். உருண்டை உருண்டு போயிருந்ததா என்று அண்ணி கேட்டார். இல்லை, நேராக நின்றது, பத்திரிகைக்கும் அதற்கும் நடுவே இடைவெளி கூட விட்டிருந்தது என்றார் அவர்.

அண்ணி குனிந்து பெட்டியின் வலப்பக்கத்தைப் பார்த்தார். உருண்டைக்கு அடியில் விரித்திருந்த நீலத் துணியில், காப்பி டம்ளர் வைத்து எடுத்தது போல ஒரு வட்டக் கறை. திருட்டுக்கு முந்தைய இரவு மழை பெய்ததா என்று கேட்டார். கொட்டித் தீர்த்தது என்றார் செயலாளர். ஜெராக்ஸ் தன் பங்குக்கு மேடைத் திரையை விலக்கிப் பார்த்தான். பின்னால் ஒரு பிளாஸ்டிக் வாளி இருந்தது. துப்பு என்று நினைத்துத் தூக்கிக் காட்டினான்; செயலாளர் சங்கடத்தோடு அதை வாங்கி மறுபடி திரைக்குப் பின்னால் வைத்தார்.

வாக்களிக்க உறுப்பினர்கள் வராந்தாவில் கூடத் தொடங்கினார்கள். கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு, அண்ணி மூன்று வேட்பாளர்களையும் செயலாளரையும் பெட்டியைச் சுற்றி நாற்காலி போட்டு உட்காரவைத்தார். வெளியே தூறல் விழ ஆரம்பித்தது.

மைக் முதலில் பேசினார். விருந்தாளியாக வந்தவர்கள் சங்க விவகாரத்தில் மூக்கை நுழைப்பது முறையில்லை என்பதை மூன்று விதமாகச் சொன்னார். அண்ணி அவர் மூச்சு வாங்குகிற இடத்துக்காகக் காத்திருந்தார்.

"திருடன் எடுத்ததப் பத்தி எல்லாரும் பேசுறீங்க. நான் அவன் விட்டுட்டுப் போனதத்தான் பாத்தேன்" என்று தொடங்கினார். "உருண்டையையும் பத்திரிகையையும் ஒரே மூலைக்கு நகத்தி, ஒண்ணோட ஒண்ணு இடிக்காம வச்சுட்டுப் போயிருக்கான். தனக்கு வேண்டாத சாமான அப்படி யாரு பாத்துப் பாத்து வைப்பாங்க? வலப்பக்கத்துல ஈரக் கறை இருக்கு. எல்லாத்தையும் நனையாத பக்கம் ஒதுக்கியிருக்கான். நடுவுல இருந்த பெரிய புத்தகத்துக்கு அந்த மூலையில எடம் பத்தல. அதனால அத வெளிய எடுத்துட்டுப் போயிட்டான்."

"கூரை ஒழுகுதுன்னு யார் சொன்னது?" என்றார் மைக். "போன வாரம்தான் பெயின்ட் அடிச்சிருக்கு."

"பெயின்ட் அடிச்சிருக்கு, ஆமா" என்றார் அண்ணி.

பிறகு பள்ளிக்கூட அலமாரிக்கு வந்தார். வைத்தவர் ஈரமான அடித்தட்டைத் தவிர்த்தார், தாள் விரித்தார், மேலே பாரம் ஏற்றவில்லை. யாரும் பார்த்துவிடக் கூடாது என்றும் நினைத்தார். பழுது அலமாரியை மற்றவர்கள் தொடமாட்டார்கள். டீச்சர்கூடக் கிழிந்ததைப் போடத்தான் எப்போதாவது திறப்பார். அதைக் காலி செய்து எடுத்துப்போக வருகிறவர் ஒருவர்தான். புத்தகத்தையும் அவரே, யாருக்கும் தெரியாமல், அப்படியே எடுத்துக்கொள்ளலாம். டீச்சர் திருடியிருந்தால் சாவி தொங்குகிற அலமாரியில், அதுவும் பள்ளியில் ஏன் வைக்கவேண்டும்? மைக்கோ இந்தப் புத்தகம் தேர்தலன்று பெட்டியில் இருக்கவேண்டும் என்று தவம் கிடந்தவர்.

"அட்டைப்பெட்டிய அன்னிக்கு யாரும் வாங்கக்கூடாதுன்னு தானே தூக்கிட்டு வந்தவர் யாருன்னு..." என்று அண்ணி சொல்லிக்கொண்டிருந்தபோதே கூரையிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. கண்ணாடி மூடியின் இணைப்பில் பட்டுத் தெறித்தது. அடுத்தது இடுக்கு வழியாக உள்ளே இறங்கியது.

செயலாளர் நிமிர்ந்து கூரையைப் பார்த்தார். மைக் கைக்குட்டையைத் தேடினார். டீச்சரும் பசையும் ஒரே நேரத்தில் எழுந்து, ஆளுக்கொரு பக்கமாக மூடியைத் தூக்கி, நிலப்படப் புத்தகத்தை நான்கு கைகளில் ஏந்தி வெளியே எடுத்தார்கள். தூங்குகிற குழந்தையைத் தொட்டில் மாற்றுவது போல, சொல்லிவைத்தாற்போல் இருவரும் அதை மேசையில் இறக்கினார்கள். அப்போதுதான் டீச்சர் எதிரே இருந்தவரின் முகத்தைப் பார்த்தார்.

பசையின் முகத்தில் ஈயாடவில்லை.

"கூரையச் சரிபண்ணுங்க, இல்லன்னா புத்தகத்த எடுத்துடுங்கன்னு நூறு தடவ கேட்டேன்" என்றார் பசை. "கண்காட்சி முடியட்டும்னார் எங்க தலைமை நூலகர். அன்னிக்குக் காலையில வந்து பாத்தப்ப துணி ஊறிக் கெடந்தது. கையும் ஓடல, காலும் ஓடல. காணோம்னா என் எடத்தத்தான் மொதல்ல கொடைவாங்க. உங்க நூலகம் பத்திரம்னு தோணுச்சு. இருக்கறதுலயே புத்தகத்த நல்லாப் பாத்துக்கறவங்க நீங்கதான்."

"நேத்து என்னத் திருடின்னு சொன்னப்ப எங்க இருந்தீங்க?"

பசையின் பார்வை மைக் பக்கம் போய்த் திரும்பியது. கல்லூரியில் மைக்தான் அவருக்கு மேலதிகாரி என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். டீச்சருக்கும் தெரியும். தெரிந்திருந்தும் அவருக்குக் கோபம் அடங்கவில்லை.

"புத்தகம் நனையக்கூடாதுன்னு அவ்வளவு பாத்தீங்க. என்னை மட்டும் மழையில விட்டுட்டுப் போயிட்டீங்க."

குற்றவாளி பிடிபட்டால் துள்ளிக் குதிக்கவேண்டும் என்று ஜெராக்ஸ் இத்தனை காலம் நினைத்திருந்தான். இன்று பிடிபட்டவரைப் பார்க்கவும் முடியவில்லை, டீச்சரைப் பார்க்கவும் முடியவில்லை. விஷயம் இந்த அறையோடு முடிந்துவிடலாம் என்று செயலாளர் மெல்ல இழுத்தார். பசை தலையசைத்து மறுத்தார். கதவைத் தானே போய்த் திறந்துவிட்டு, மேடையேறி, மைக்கின் கையிலிருந்த மைக்கைக் கேட்டு வாங்கினார்.

கூடியிருந்தவர்கள் முன்னால் தான் செய்ததையும் செய்யாமல் விட்டதையும் சொன்னார். டீச்சரிடம் மன்னிப்புக் கேட்டார். தான் போட்டியிலிருந்து விலகுவதாகச் சொல்லி இறங்கினார். அவர் பேச்சின்போது அன்றைக்கு யாரும் தூங்கவில்லை.

அடுத்துப் பேசவேண்டியவர் டீச்சர். அவர் மேடைக்குப் போகும் வழியில் திரைக்குப் பின்னாலிருந்து வாளியை எடுத்து வந்து, சொட்டு விழுகிற இடத்தில் மண்டபத்தின் நடுவே வைத்தார். இதைச் சரிசெய்வதுதான் முதல் வேலை, எனக்கு ஓட்டுப் போட்டாலும் போடாவிட்டாலும் இது இங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார். மைக் தன் முறை வந்ததும், பேச்சுக்கு இடைஞ்சலாக இருக்கிறது, அதை யாராவது அப்புறப்படுத்துங்கள் என்று இரண்டு முறை கேட்டுப் பார்த்தார். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. வாக்குகளை எண்ணி முடித்து டீச்சரின் பெயரை அறிவிக்கும்வரை வாளி சொட்டுச் சொட்டாக நிறைந்துகொண்டிருந்தது.

கைதட்டல் ஓய்ந்து கூட்டம் கலைந்தபோது, பசை ஒரு தூண் ஓரமாக நின்றிருந்தார். கல்லூரியில் நாளை அவருக்கு என்ன காத்திருக்கிறதோ யாருக்கும் தெரியாது. போய் ஏதாவது சொல்லலாமா என்று ஜெராக்ஸ் அண்ணியைப் பார்த்தான். அண்ணி அவன் சட்டையின் கசங்கிய கையைப் பிடித்து நிறுத்தினார்.

டீச்சர்தான் அவரிடம் போனார். முகத்தில் கோபம் இன்னும் முழுதாக இறங்கியிருக்கவில்லை. கைப்பையைத் துழாவி, ஓவிய ஆசிரியர் கைக்கு எட்டாமல் இருக்கட்டும் என்று அன்று காலை கழற்றி எடுத்துவந்திருந்த பழுது அலமாரிச் சாவியை வெளியே எடுத்தார்.

"கிழிஞ்சது நெறைய சேந்திருக்கு. வந்து எடுத்துட்டுப் போங்க" என்றார். "இனிமே அதுல எதையாவது வைக்கணும்னா, என்கிட்ட சொல்லிட்டு வைங்க."

பசை சாவியை வாங்கிக்கொண்டார். சட்டைப் பையில் போடாமல், கையிலேயே இறுக்கிப் பிடித்தபடி மழையில் இறங்கி நடந்தார்.