சான்றுடல்

காலை எட்டு மணிக்குள் சந்தனமாரி முப்பத்தேழு கொலைகளைச் செய்து முடித்திருந்தாள். ஆயுதம் எதுவும் தேவையில்லை. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் போதும். வண்ணத்துப்பூச்சியின் சிறகுகளை மடக்கி, மார்பைப் பிடித்து, ஒரே அழுத்து. உள்ளே ஏதோ முறிவது விரலுக்கு மட்டும் தெரியும். ஒவ்வொரு முறையும் அழுத்துவதற்கு முன்னால், "ஐயோ பாவம், வேண்டாமே" என்பாள். சொல்லிவிட்டு அழுத்துவாள். இளகிய மனசு அவளுக்கு. கோழிக்குழம்பு சாப்பிடும்போதுகூட முதல் வாயில் கோழிக்காகக் கொஞ்சம் வருத்தப்படுகிற ரகம்.

படங்களை யாரும் நம்பாத காலம் அது. எந்த இயந்திரமும் எந்தப் படத்தையும் நொடியில் உண்டாக்கிவிடும் என்றான பின், இல்லாத புலிகளும் நடக்காத கல்யாணங்களும் நாட்டில் பெருகிப்போயின. ஆகவே உயிரினப் பதிவு வாரியம் ஒரு விதி செய்தது. படம் செல்லாது, வாய்ச்சொல் செல்லாது, உடல்தான் சான்று. ஓர் உயிரினம் இருக்கிறது என்று நிரூபிக்க அதில் ஆண் ஒன்றையும் பெண் ஒன்றையும் கொன்று அனுப்ப வேண்டும். அதற்குச் சான்றுடல் என்று பெயர் வைத்தார்கள்.

பொதிகை மலைக்கு அந்தக் கோடையில் நாள் குறித்தாகிவிட்டது. வெயிலை வானத்துக்கே திருப்பி அனுப்புவதற்காக மலைகளை மழித்துக் கண்ணாடிப் பண்ணை போட்டு வந்தார்கள். பொதிகையின் முறை ஆனி முதல் தேதி. முதலில் நச்சுப் புகை, பிறகு மழிப்பு. வேறெங்கும் இல்லாத உயிரினம் ஒன்று அங்கே இருந்தால் மட்டும் மலையைத் தொடக் கூடாது. அப்படி ஒரு வண்ணத்துப்பூச்சியைத் தேடத்தான் முதுகலை மாணவியான சந்தனமாரியை இரண்டு மாதத்துக்கு மலையேற்றியிருந்தார்கள். கிடைத்தால் அவளுக்குப் பட்டம், மலைக்கு உயிர். ஐம்பது நாள் ஓடிவிட்டது, புதிதாக ஒன்றும் சிக்கவில்லை.

துணைக்கு ஒரு கண்பழகியைக் கொடுத்திருந்தார்கள். கட்டளைகளை உள்ளே எழுதிவைத்த பழைய இயந்திரம் அல்ல அது. எஜமானர் செய்வதைப் பார்த்துப் பார்த்துத் தானும் செய்யும். ஆறு கால், இரண்டு கை, ஆளுயரம். மலையில் உண்டு என்று வாரியம் ஏற்ற உயிரினங்களின் பட்டியல் அதனிடம் இருந்தது, கடைசியில் களப்பணிக்கு வந்தவள் என்று சந்தனமாரியின் பெயரும். அதை அணைக்கும் சாவி பல்கலைக்கழகத் துறையிடம் இருந்தது, மாணவர்கள் விளையாட்டாக அணைத்துவிடுகிறார்களாம். சந்தனமாரி அதற்குப் பொன்னையா என்று பெயர் வைத்தாள். பொன்னையா வலை வீசக் கற்றது, மார்பை அழுத்தக் கற்றது. அழுத்துவதற்கு முன்னால் அவள் குரலிலேயே "ஐயோ பாவம், வேண்டாமே" என்று சொல்லவும் கற்றது. அதை முதல் தடவை கேட்டபோது அவள் வயிறு வலிக்கச் சிரித்தாள்.

ஐம்பத்தோராம் நாள் சோலைக்குள்ளிருந்து ஒருவர் வெளியே வந்தார். ஐம்பது வயதிருக்கும். கிழிந்த தார்ப்பாயைத் தைத்து உடுத்தியிருந்தார்.

"பட்டியலில் இல்லை. எடுக்கலாமா?" என்று கேட்டது பொன்னையா.

"சும்மா கெட மூதி!" என்று அதட்டிவிட்டு, கையில் கல்லோடு நின்றாள் சந்தனமாரி.

"பயப்படாத தாயி. நான் மனுசன்தான். பேரு இசக்கிமுத்து."

"மலையில மனுசரே கெடையாதே அண்ணாச்சி! எம்பது வருசத்துக்கு முன்னாலயே எல்லாரையும் எறக்கியாச்சுல்லா?"

"எறங்குனவங்க எறங்குனாங்க. தேயிலைக் காட்டுல வேல பாத்த எங்க ஆளுக ஒளிஞ்சிக்கிட்டாங்க. இப்ப நூத்திப் பத்துப் பேரு மேல இருக்கோம். பொகை போடப் போறாங்களாம்லா? வேலிப் பக்கம் ஒலிபெருக்கியில சொல்லுதான். நாங்க இருக்கோம்னு ஒரு வார்த்த சொல்லு தாயி."

"நீங்களே எறங்கிப் போய்ச் சொல்லலாமே?"

"எந் தம்பி போனான். கைய மேல தூக்கிக்கிட்டுதான் போனான். வேலி சுட்டுட்டு."

அடிவார வேலிக்குக் கண்ணில்லை. கழுத்துத் தோலுக்கடியில் அடையாள மணி இல்லாத எவரையும் அது சுடும். அங்கே விழுந்த உடலை, தரையிலிருந்து களவாக மலையேறப் பார்த்தவனின் உடல் என்று எழுதி எரித்துவிட்டார்கள்.

சந்தனமாரி அவரைப் படமெடுத்து, நான்கு பக்கத்துக்கு ஒரு கடிதமும் எழுதித் தன் பேராசிரியருக்கு அனுப்பினாள். கால் மணி நேரத்தில் பதில் வந்தது: "படம் அழகாக உண்டாக்கப்பட்டிருக்கிறது. பட்டியலின்படி பொதிகையில் மனிதர் இல்லை. நீ பூச்சியைப் பார்."

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. "நம்ப மாட்டேங்காங்க அண்ணாச்சி. புதுப் பூச்சி ஒண்ணு கெடைச்சா மட்டும் மலையும் தப்பும், நீங்களும் தப்பிப்பீங்க. இதுவரைக்கும் யாருமே பாக்காத பூச்சியா இருக்கணும்."

"நாங்க பாத்தது கணக்குல சேராதோ?" என்று சிரித்தார் இசக்கிமுத்து. "ஊத்துக் குகையில கருநீலமா ஒண்ணு உண்டு. புடிச்சிட்டு வாரேன், இரு."

மறுநாள் அந்தக் கருநீலமே கூடாரத்துக்குப் பக்கத்தில் வந்து ஒரு பாறையில் உட்கார்ந்தது. பார்த்தது பொன்னையாதான். "பட்டியலில் இல்லை. எடுக்கலாமா?" என்று கேட்டுக்கொண்டு நின்றது. சந்தனமாரி திரும்புவதற்குள் பூச்சி மரங்களுக்கு மேலே போய்விட்டது.

"அறிவிருக்கா ஒனக்கு?" என்று கத்தினாள். ஐம்பது நாள் ஆத்திரமும் அதில் இருந்தது. "பட்டியல்ல இல்லாதது எது கண்ணுல பட்டாலும் எடுத்துரு! என்னையக் கேட்டுக்கிட்டு நிக்காத!"

"சரி" என்றது பொன்னையா. திட்டியவள் கொஞ்ச நேரத்தில் திட்டியதை மறந்துவிட்டாள். பொன்னையா மறக்கவில்லை.

அதற்கடுத்த காலை இசக்கிமுத்து ஒரு மூங்கில் குழாயைத் தலைக்கு மேலே ஆட்டிக்கொண்டு சரிவில் ஓடிவந்தார். "தாயி! மாட்டிக்கிட்டு!"

சந்தனமாரி எழுந்து நிற்பதற்குள் பொன்னையா அவரை எட்டிவிட்டது. இரண்டு தோள்களையும் பின்னால் மடக்கிப் பிடித்தது. "ஐயோ பாவம், வேண்டாமே" என்றது அவள் குரலில். பிறகு மார்பை அழுத்தியது. இந்த முறை முறியும் சத்தம் விரலோடு நிற்கவில்லை. எதிர்ப்பாறை வரைக்கும் கேட்டது. இசக்கிமுத்துவின் வாயிலிருந்து ரத்தம் குபுக்கென்று வந்தது.

குழாய் உருண்டு வாய் திறந்துகொண்டது. கருநீல வண்ணத்துப்பூச்சி வெளியே வந்து, புல்லில் தேங்கியிருந்த ரத்தத்தில் உட்கார்ந்து, நிதானமாக உறிஞ்சியது. கைக்கெட்டும் தூரம்தான். ஆனால் சந்தனமாரியின் கையில் வலை இல்லை, பாறாங்கல் இருந்தது. அதைக் கொண்டு பொன்னையாவை அடித்தாள். ஒரு கண் உடைந்து தெறித்தது. கல் கைநழுவி விழும்வரைக்கும், விரல் நகங்கள் பிய்ந்து ரத்தம் வரும்வரைக்கும் அடித்தாள். பூச்சி வயிறு நிறைந்து பறந்துபோனது.

பொன்னையா அடிகளை வாங்கிக்கொண்டே வேலையை முடித்தது. உடலைச் சுத்தமாகத் துடைத்து, சுருட்டி, சீட்டு ஒட்டியது. இடம் பொதிகை. ஆண். சேகரித்தவர் சந்தனமாரி. வாரியத்தின் சுமை தூக்கும் இயந்திரப் பறவை வந்து உடலைத் தூக்கிக்கொண்டு போயிற்று. "இது கொலை. பொன்னையாவை உடனே அணையுங்கள்" என்று அவள் துறைக்கு எட்டு முறை எழுதினாள்.

மதியம் வாரியத்திலிருந்து பதில் வந்தது.

"வாழ்த்துகள். சான்றுடல் நல்ல நிலையில் வந்துசேர்ந்தது. இவ்வினம் எண்பது ஆண்டாகத் தனித்து வாழ்ந்ததற்கான தடயங்கள் எலும்பிலும் ரத்தத்திலும் தெளிவாக உள்ளன. பொதிகை மலை மனிதன் தனி வகையாக ஏற்கப்படுகிறது. புகை நிறுத்தப்பட்டது. தங்கள் பட்டம் உறுதி. தங்கள் கொலைப் புகாரும் கிடைத்தது. சம்பவம் நடந்த நேரத்தில் பட்டியலின்படி அம்மலையில் மனிதர் இல்லை. ஆகவே கொலையும் இல்லை. இப்பதிவு தற்காலிகமானது. பதினைந்து நாளுக்குள் பெண் ஒன்றையும் அனுப்பி நிறைவு செய்க. தவறினால் மலை கண்ணாடிப் பண்ணைக்குத் திரும்பும். நகல்: களப்பணி இயந்திரத்துக்கு."

அவள் படித்து முடித்தபோது பொன்னையாவும் படித்து முடித்திருந்தது.

சோலை விளிம்பில் சருகுகள் நொறுங்கின. ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள். அவளும் தார்ப்பாய்தான் உடுத்தியிருந்தாள். இடுப்பில் வாழையிலையில் கட்டிய சோறு.

"ஏ பிள்ள, நான் பேச்சி. எங்க வீட்டு ஆளு காலையிலயே பூச்சியோட எறங்குனாரு. சாப்புடக்கூட இல்ல. இங்க வந்தாரா?"

சந்தனமாரி ஓடினாள். இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு பேச்சிக்கும் பொன்னையாவுக்கும் நடுவே போய் விழுந்தாள். வாழ்நாளில் முதல் தடவையாக, சொல்வதை முழு மனதோடு சொன்னாள். "ஐயோ! வேண்டாம்! வேண்டாமே!"

பொன்னையாவின் மிச்சமிருந்த ஒற்றைக் கண் அவளைப் பார்த்தது. அதற்கு நன்றாகத் தெரிந்த சொற்கள் அவை. ஐம்பது நாளுக்கு மேலாகக் கேட்ட சொற்கள். அவற்றைச் சொன்ன பிறகு அவள் விரல்கள் ஒருநாளும் நின்றதில்லை. பட்டியலில் இருப்பவளை அலுங்காமல் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, அது இரண்டு விரல்களை விரித்தது.