மாற்று ஆள் வரும்வரை

ஹட்டனில் வாடகைக்கு விடுவதற்காக முதல் வீடு வாங்குகிறவர்கள் என்னிடம் வந்து ஆலோசனை கேட்பதுண்டு. சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. வெயில் காலத்தில் வீடு பார்க்காதீர்கள். ஆடி மழையில் போய்ப் பாருங்கள், எந்தச் சுவரில் ஈரம் ஊறுகிறது என்பது அப்போதுதான் தெரியும். நொத்தாரிசு காட்டுகிற உறுதிப் பத்திரத்தோடு நின்றுவிடாமல் காணிப் பதிவகத்தில் முப்பது வருஷம் பின்னால் போய்த் தேடச் சொல்லுங்கள். குழாயில் வருவது யாருடைய ஊற்றுத் தண்ணீர் என்று பக்கத்து வீட்டில் கேளுங்கள். இதையெல்லாம் துஷாந்துக்கும் போனில் சொன்னேன். கட்டாரில் ஏழு வருஷம் வேலை பார்த்துவிட்டு வந்தவன், என்னுடைய வீட்டைத்தான் வாங்கப் பார்க்கிறான். ஒன்றை மட்டும் அவனிடம் சொல்லவில்லை.

டிக்கோயா வீதியில் இறங்கி, தேயிலைக்கு நடுவே படி ஏறினால் வருவது அந்த வீடு. மூன்று அறை, தகரக் கூரை, வாசலுக்குக் கீழே ஒரு குழாய். அன்றைக்கு நான் போய்ச் சேர்ந்தபோது பிற்பகல் மூன்று மணி இருக்கும். மூன்றாவதாகக் குடியிருந்தவர்களும் காலையில் சாவியை வீதியோரக் கடையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். துஷாந்த் பார்க்க வருவதற்குள் பெருக்கிக் கழுவி வைக்கலாம் என்று வாளியும் விளக்குமாறுமாகப் போயிருந்தேன். மலையிலிருந்து பனி இறங்கிக்கொண்டிருந்தது. முழங்கால் வலித்தது.

இந்த வீட்டில்தான் என்னுடைய இருபத்திரண்டு வருஷம் கிடக்கிறது. கொழும்பில் ஒரு மொத்தக் கடையில் நின்று சேர்த்தது முழுவதும் இதற்குத்தான் போனது. இது விலை போகாவிட்டால் ஐம்பத்தாறு வயதில் திரும்பவும் அந்தக் கடையில் போய் மூட்டை எண்ண வேண்டும். அதற்கு இனி உடம்பு கேட்காது.

வாங்கிய பத்தாம் நாளே, விற்றவரின் தம்பி தனக்கும் பங்கு இருக்கிறது என்று வழக்குப் போட்டார். வழக்கு முடியும்வரை வீட்டில் ஒரு ஆளை உட்கார வை என்றார் தரகர் ரிஸ்வி நானா. வீடு வெறுமனே கிடந்தால் தம்பிக்காரன் பூட்டை உடைத்துக் குடியேறிவிடுவான், பிறகு அவனைக் கிளப்ப உன் ஆயுசு போதாது என்றார். எனக்கு அது புரியாத விஷயம் இல்லை. நான் தோட்டத்து லயத்தில், வரிசை வீட்டில் பிறந்தவன். எங்கள் லயத்தில் காம்பரா காலியாகக் கிடந்தால் தோட்ட நிர்வாகம் அதை வேறு குடும்பத்துக்குக் கொடுத்துவிடும் என்ற பயம் எப்போதும் உண்டு. கல்யாணமோ சாவோ, வீட்டில் ஒருவரை உட்கார வைத்துவிட்டுத்தான் மற்றவர்கள் படியிறங்குவார்கள்.

அப்படித்தான் வேலாயியக்காவைக் கூட்டிவந்தேன். கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர், பிள்ளைகள் இல்லை. அவருடைய புருஷன் இருந்தவரை தேயிலை ஸ்டோரில் காவல்காரர். காவல் வேலையில் ஒரு வழக்கம் இருந்தது, எங்கள் லயத்திலும் அதேதான். மாற்று ஆள் வாசலில் வந்து நின்று, நான் இருக்கேன், நீங்க போங்க என்று வாய் திறந்து சொன்னால்தான் இருப்பவர் எழுந்திருப்பார். அதற்கு முன் இடி விழுந்தாலும் எழக் கூடாது. அக்கா முன்னறையில் சாக்கை விரித்தார். கம்பளியைப் போர்த்திக்கொண்டு, சுவரில் சாய்ந்து, வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்தார். பக்கத்தில் ஒரு இரும்பு வெற்றிலை உரல்.

“நீங்க வந்து சொல்ற வரைக்கும் எந்திரிக்க மாட்டேன் மொதலாளி,” என்றார்.

வழக்கு ஒரு செவ்வாய்க்கிழமை சமாதானமாக முடிந்தது. அன்றைக்கே கினிகத்தேனையில் இன்னொரு வீடு பார்க்கப் போனேன். மழை பிடித்துக்கொண்டது, வழியில் மண் சரிந்து வீதியை மூடிவிட்டது. கேட்டவர்களிடம் எல்லாம் இதைத்தான் சொன்னேன். ஆனால் வியாழக்கிழமையே வீதியைத் திறந்துவிட்டார்கள். எனக்கு அலுப்பாக இருந்தது, அவ்வளவுதான். ரிஸ்வி நானாவுக்கு ஒரு போன் போட்டு, போய்ச் சொல்லிவிடுங்கள் என்று சொல்லியிருக்கலாம். அதையும் செய்யவில்லை.

சனிக்கிழமை காலையில் பக்கத்து வீட்டுப் பெண்தான் பார்த்திருக்கிறாள். மழைக்குளிர் நெஞ்சில் இறங்கி அக்கா இரண்டு நாளாக இருமிக்கொண்டே இருந்தாராம். ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டதற்கு, மொதலாளி வந்து சொல்லாமல் எழுந்திருக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். உட்கார்ந்தபடியே போயிருந்தார். கண் வாசலில் இருந்தது.

எடுத்துப் புதைத்தோம். சாக்கை நானே எரித்தேன். உரலைக் காணவில்லை, யாராவது எடுத்திருப்பார்கள் என்று விட்டுவிட்டேன். துஷாந்துக்கு நான் சொல்லாத ஆலோசனை இதுதான். காவலுக்கு ஒருவரை உட்கார வைத்தால், வேலை முடிந்த அன்றைக்கே நீங்களே போய் எழுப்புங்கள்.

முதலில் குடிவந்தது சுதர்ஷினி என்கிற டீச்சரும் அவருடைய கணவரும். ஆறு வாரத்தில் காலி செய்தார்கள். பேய் பிசாசு என்று அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. சாவியைக் கையில் கொடுக்கும்போது டீச்சர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“அந்தம்மாவுக்கு எப்பங்க வேற எடம் பாக்கப் போறீங்க?”

“எந்தம்மா?”

“முன்னறையில இருக்காங்களே. நாங்க வெளிய கெளம்புறப்பல்லாம் மாத்து ஆளு வரலயான்னு கேக்குறாங்க. பாவமா இருக்குதுங்க.”

அதன்பிறகு வந்த இரண்டு குடும்பங்களிடமும் எதுவும் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவர்கள் போனதும் அடுத்த ஆளைத் தேடினேன்.

அன்றைக்குப் பூட்டைத் திறந்ததும் முகத்தில் அடித்தது நனைந்த கம்பளி வாடை. எங்கள் அம்மா கொழுந்து நிறுத்துவிட்டு மழையில் வந்து கழற்றிப் போடும்போது லயம் முழுவதும் வீசுமே, அதே வாடை. கூடவே வெற்றிலை.

வாளியைக் கீழே வைத்தேன்.

உள்ளறையில் சத்தம் கேட்டது. டொக். கொஞ்சம் விட்டு இன்னொன்று. இரும்பில் இரும்பு படுகிற சத்தம்.

பிறகு அது முன்னறையில் கேட்டது.

பனி எனக்குப் பின்னால் வாசலை மூடியிருந்தது. வெளிச்சம் போய்விட்டது என்று சொல்ல முடியாது. சாம்பல் நிறத்தில் எல்லாம் தெரிந்தது. சுவரோரம் சாக்கு விரித்திருந்தது. நான் எரித்த சாக்கு.

“மொதலாளியா?”

ஓடியிருக்கலாம். ஆனால் அந்தக் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் ஓடியிருப்பேன்.

“ஆமாக்கா.”

“கேஸு முடிஞ்சிருச்சா?”

“எப்பவோ முடிஞ்சிருச்சு. நான்தான் வந்து சொல்லல. தப்பு என்னோடது. எந்திரிச்சுப் போங்கக்கா.”

சத்தம் நின்றது. சாக்கு அசைந்தது. முழங்காலில் கை ஊன்றி எழ முயல்கிற மூச்சு கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

“மாத்து ஆளு எங்க?”

இனி இந்த வீட்டுக்கு ஆள் தேவையில்லை, விற்கப் போகிறேன் என்றேன். அவருக்கு அது ஏறவில்லை.

“வெறும் வீட்ட விட்டுட்டு எப்பிடி மொதலாளி எந்திரிக்கிறது?”

நாள் முழுவதும் மலையில் நின்றுவிட்டு, கொழுந்து நிறுக்கிற வரிசையிலும் நிற்கிற பெண்ணின் குரல் அது. இரண்டு வருஷமாக அவர் இப்படியே உட்கார்ந்திருக்கிறார். நானும் களைத்திருந்தேன். அவர் போய்ப் படுத்தால் போதும் என்று இருந்தது. அந்த வார்த்தைகள் நான் பிறந்ததிலிருந்து கேட்ட வார்த்தைகள். தானாக வாயில் வந்துவிட்டன.

“நான் இருக்கேன். நீங்க போங்க.”

கம்பளி வாடை என்னைத் தொட்டுக்கொண்டு வாசலைத் தாண்டியது. படியில் வெறுங்கால் சத்தம் ஒவ்வொன்றாக இறங்கியது. குழாயடி வரைக்கும் கேட்டது, அப்புறம் பனிதான். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். எவ்வளவோ பாரம் இறங்கியது போல இருந்தது.

வீட்டைக் கழுவினேன். பூட்டினேன். குழாயடி வரை போனேன்.

வீடு வெறுமனே கிடக்கிறதே என்று தோன்றியது.

திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்த்தேன். மறுபடி இறங்கினேன். குழாயைத் தாண்டக் கால் வரவில்லை. மூன்றாவது தடவை திரும்பி வந்தபோது பூட்டைத் திறந்து உள்ளே போனேன். கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தேன். சாக்கு உலர்ந்திருந்தது, சூடாகவும் இருந்தது.

மனைவி மீனம்மா போன் செய்தாள். இன்னும் வரவில்லையா என்றாள்.

“ஆளு ஒண்ணு வரட்டும். வந்துர்றேன்,” என்றேன்.

எந்த ஆள் என்று அவள் கேட்பதற்குள் போன் அணைந்துவிட்டது. அது நேற்றா முந்தாநாளா என்று தெரியவில்லை.

இன்று காலை துஷாந்த் வந்தான். வெள்ளைச் சப்பாத்துக் காலைப் படியில் தட்டிவிட்டு வாசலில் நின்றான். எனக்கு உயிர் வந்தது. சொல்லிவிடு தம்பி, நாலே வார்த்தைதான் என்று மனதுக்குள் கெஞ்சினேன். வாயைத் திறந்து கூப்பிடவும் செய்தேன்.

அவன் உள்ளே வந்து நான் சொல்லிக்கொடுத்தபடியே எல்லாம் செய்தான். கூரையை அண்ணாந்து பார்த்தான். குனிந்து என் தலைக்கு மேலே சுவரைத் தடவி, ஈரம் இருக்கிறதா என்று விரலை முகர்ந்தான். அவனுடைய முழங்கால் என் தோளுக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது.

முகர்ந்த விரலை மெல்ல இறக்கினான். பின்வாங்கி வாசலுக்குப் போய்ப் போனை எடுத்தான்.

“ரிஸ்வி நானா, பழனியாண்டி அண்ணன் இங்க இல்லங்க. வீடு தொறந்து கெடக்கு. உள்ள ஒரு சாக்கு மட்டும் விரிச்சிருக்கு.” கொஞ்சம் நிறுத்தினான். பிறகு குரல் இறங்கிவிட்டது. “யாரோ வெத்தல இடிக்கிறாங்க. பக்கத்துலயே கேக்குது.”

எனக்கு வெற்றிலைப் பழக்கம் கிடையாது.

குனிந்து என் கையைப் பார்த்தேன்.

துஷாந்த் கதவைச் சாத்தினான். படிகளில் அவன் ஓடி இறங்குவது குழாயடி வரைக்கும் கேட்டது. உரலில் வெற்றிலை நன்றாக மசிந்திருந்தது.